சேதன மரக்கறியை எங்கே வாங்குவது?

"இயற்கை மரக்கறி" என்னும் பலகையைக் கண்டவுடன் கூடுதல் விலை கொடுத்தல் அறிவுடைமையாகாது. பலகையிலும் பயிரிட்டவர் சொல்லே தக்க சான்று. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, சுன்னாகம் ஆகிய சந்தைகளுக்கு அயற்கிராமத்துக் கமக்காரர் தம் விளைபொருளைக் கொணர்வர். எப்பசளை இட்டனர், எம்மருந்தை எப்பொழுது தெளித்தனர் என அவர்களிடம் வினவுதல் வேண்டும். கூடுமாயின் தோட்டத்துக்கே சென்று எருக்குழியையும் குழை தாழ்த்த நிலத்தையும் காண்டல் நன்று.

குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் மிகையாக இட்ட நைதரசன் பசளை, நைத்திரேற்றாகிக் கிணற்றுநீரைச் சேர்கின்றது. ஆதலின் இத்தேடல் உணவுக்கு மட்டுமன்று, குடிநீருக்குமாம்.

இலங்கையில் 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீங்கிற்று. கட்டளையால் மண் ஒரு போகத்தில் திருந்தாது. வாங்குவோர் நிலைத்து நிற்பின் படிப்படியாகத் திருந்தும். ஆகவே நம்பத்தக்க கமக்காரர் ஒருவரைத் தேர்ந்து, விளைச்சல் குறைந்த காலத்திலும் நியாயவிலை கொடுத்து வாங்குக.