பரண் மேல் அறுபது வீடுகள்

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் டி.டி.பி. கடை வைத்திருந்த நண்பர் காலமாகிச் சில வருடங்களாகின்றன. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கார்ப்பரேஷனுக்கு மனு எல்லாம் அடித்துத் தருவார். குடியிருந்த சாலின் கமிட்டிச் செயலாளரும் அவரே. கடையை எப்போதோ மூடிவிட்டார். கம்ப்யூட்டரை விற்க மட்டும் மனம் வரவில்லை. பழைய சேலை போர்த்திப் பரணில் கிடந்தது.

2024 மார்ச்சில் மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து தாராவியில் ஒரே பேச்சு: காகிதம். 1-1-2000க்கு முன்பே தரைத் தளத்தில் குடியிருந்ததைக் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். காட்டுவதற்குக் காகிதம் வேண்டுமே! 1976 குடிசைக் கணக்கெடுப்பை ஒட்டிக் கொடுத்த போட்டோ பாஸ், பழைய மின்சார பில் எல்லாம் 2005 ஜூலை 26 வெள்ளத்தில் பல வீடுகளில் கூழாகிப் போயின. நண்பரோ, அறுபது வீட்டுக்கும் பெயர், வீட்டு எண், பாஸ் எண், மீட்டர் எண் என்று பட்டியல் அடித்து வைத்திருந்தார். அது பரணில் இருந்தது. அதைத் திறக்கும் சொல் அவரோடு போய்விட்டது.

"ஒருநாள்கூட எங்ககிட்ட சொன்னதில்ல தம்பி" என்றார் மதினி. மகன் குலதெய்வத்தின் பெயர், ஊர்ப் பெயர், தன் பிறந்த தேதி எல்லாம் அடித்துப் பார்த்துவிட்டான். அப்பாவுக்குத் தன் பிறந்த தேதி நினைவில் இல்லையோ என்று அவனுக்கு லேசான வருத்தம் வேறு.

லாமிங்டன் ரோடு கடை ஒன்றில் விசாரித்தோம். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "யாருடையது?" கோபப்படுவதற்கில்லை. அனுமதி இல்லாமல், மோசடி எண்ணத்தோடு அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவுப்படி மூன்று வருடம் வரை சிறை உண்டு. மதினியைக் கூட அழைத்து வரச் சொன்னார். அதற்குள் மாட்டுங்காவில் இன்ஜினீயரிங் படிக்கும் தெரிந்த பையன் ஒருவன், "நானே வீட்டுக்கு வர்றேன் மாமா" என்றான்.

பெட்டியை ஆன் செய்தால் தேதி 2002 என்று காட்டியது. உள்ளே இருக்கும் ரூபாய் நாணய அளவு பேட்டரி என்றோ செத்துவிட்டது. அதிலும் ஒரு நன்மை. ஆன் செய்தவுடனேயே பாஸ்வேர்டு கேட்கும்படி நண்பர் வைத்திருந்தார். இந்த மாதிரி பழைய பெட்டிகளில் அந்தச் சொல்லைக் காப்பதே அந்தப் பேட்டரிதான். முதல் பூட்டு தானாகவே உதிர்ந்திருந்தது.

இரண்டாவது பூட்டு விண்டோஸ் எக்ஸ்பி. (விண்டோஸ் 98 ஆக இருந்தால் கஷ்டமே இல்லை, எஸ்கேப் பொத்தானை அழுத்தினாலே பெரும்பாலும் வழி விட்டுவிடும்!) எக்ஸ்பி, பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைப்பதில்லை, உருமாற்றி வைக்கிறது. ஆனால் அதோடு கூட, பழைய முறையிலும் ஒரு பிரதி வைக்கும். அந்த முறை சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி, பதினான்கு எழுத்தை ஏழு ஏழாக நறுக்கிவிடுகிறது. ஏழு எழுத்தைக் கண்டுபிடிப்பது இன்றைய கம்ப்யூட்டருக்கு விளையாட்டு.

பையன் அதைக்கூடச் செய்யவில்லை. நான்கு திருகாணிகளைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தான். ஒரு கேபிளைச் செருகித் தன் லேப்டாப்பில் மாட்டினான். அவ்வளவுதான். பாஸ்வேர்டு காத்தது வாசல் கதவை. அலமாரியைப் பின்சுவர் வழியாகத் தூக்கி வந்தால் யார் தடுப்பது?

ஆதியிலிருந்தே இந்தக் கதைதான். 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்துகொண்டபோது, அவரவர் கோப்பைக் காக்க ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் பாஸ்வேர்டு வைத்தார்கள். மறுவருடமே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், கூடுதல் நேரம் வேண்டி, பாஸ்வேர்டு பட்டியலையே அச்சடித்துத் தரும்படி அதே கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கிவிட்டார்.

இன்றைய லேப்டாப்களில் பையனின் வித்தை பெரும்பாலும் பலிக்காது. பிட்லாக்கர் போன்றவை டிஸ்க் முழுவதையும் சங்கேதமாக்கிவிடுகின்றன. அதற்குரிய 48 இலக்க எண் தொலைந்தால் சொந்தக்காரருக்கும் அதோகதிதான். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கு இடத்தைச் சொல்லிவையுங்கள்.

பட்டியல் கோப்பைத் திறந்தான். மூன்றாவது பூட்டு! தலையில் தொப்பியும் காலில் வாலுமாக ஆங்கில எழுத்துகள். யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக் கம்பெனிகள் ஆளுக்கொரு வரிசையில் எழுத்துகளை அடுக்கியிருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் பொது வரிசை பரிந்துரைத்த பிறகும் ஒழுங்குக்கு வர வருடங்கள் ஆயின. அந்தக் காலத்தில் தமிழில் அடித்த எத்தனை கதைகள், கணக்குகள் இப்படிக் கிடக்கின்றனவோ. ஒருவர் திட்டமிட்டுப் போட்ட பூட்டைவிட, யாரும் யோசிக்காமல் விழுந்த இந்தப் பூட்டுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நல்லவேளை, அவர் பயன்படுத்திய எழுத்துரு அதே டிஸ்க்கில் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தது. பையன் அதை லேப்டாப்பில் ஏற்றினான். தொப்பிகள் உதிர்ந்து தமிழ் வந்தது. முதல் வரி, மதினியின் மாமனார் பெயர்.

இந்தப் பட்டியலே சாட்சியாகிவிடாது. கம்ப்யூட்டர் தேதியை யாரும் மாற்றலாம். இந்தப் பெட்டியே 2002 என்கிறதே! ஆனால் பாஸ் எண்ணும் மீட்டர் எண்ணும் கையில் இருந்தால், பழைய பதிவேட்டைத் தேடித் தரும்படி மனுப் போட முடியும். எண் இல்லாதவன் எதைத் தேடச் சொல்வான்?

"அவரு வெச்ச பாஸ்வேர்டு என்னவாம்?" என்று மதினி கேட்டார். வேண்டுமானால் கண்டுபிடித்துவிடலாம் என்றான் பையன். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "எங்க வீட்டு நம்பர் இருக்கா பாருங்க!"