உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி: ஆட வராத பிள்ளையை மனத்தில் வையுங்கள்

கேலாங் வட்டாரத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லித்தரும் தொண்டூழியர்கள் நாங்கள். உடற்கல்வி ஆசிரியராக விரும்பும் இளையர்கள் எங்களிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: “பள்ளி அணியில் பெயர் எடுக்காதவர் இந்தப் பணிக்குப் போகலாமா?” போகலாம் என்பதே எங்கள் நிலைப்பாடு. ஆசிரியருக்கு ஆட்டத் திறமை வேண்டும்; ஆட வராத பிள்ளையை ஆட வைக்கும் திறமை அதைவிட முக்கியம். தேர்வும் பயிற்சியும் அதற்கேற்ப அமைய வேண்டும்.

சிங்கப்பூரில் உடற்கல்விக்கென 1984இல் தனிக் கல்லூரி உருவானது. அது 1991இல் கல்விக் கழகத்துடன் இணைந்து தேசியக் கல்விக் கழகம் ஆனது. இன்றைய பயிற்சி ஆசிரியர்கள் உடலியக்க அறிவியலும் கற்பித்தல் முறைகளும் அங்கேதான் பயில்கிறார்கள். ஓட்டவீரர் சி. குணாளன் அங்கு உடற்கல்வி விரிவுரையாளராக இருந்தவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடி அவர் படைத்த தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நிலைத்தது. அப்படிப்பட்டவரும் ஆசிரியர் பயிற்சி பெற்றே வகுப்புக்குப் போனார். பதக்கம் வாங்கியவருக்கும் கற்பிக்கக் கற்றுக்கொள்வது தனி வேலைதான்.

பயிற்சி எதை நோக்க வேண்டும் என்பதற்கு நம் பள்ளிகளின் கடந்தகாலமே சான்று. 1992 முதல் 2007 வரை நடந்த ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டத்தில், உடல் பருமனான மாணவர்கள் தனியே பிரிக்கப்பட்டுக் கூடுதல் உடற்பயிற்சி செய்தார்கள். எடை குறைந்தவர்கள் உண்டு. சக மாணவர்களின் கேலிக்கு ஆளாகி உடற்கல்வி என்றாலே ஒதுங்கியவர்களும் உண்டு. திட்டம் எதுவானாலும் திடலில் பிள்ளையின் முன் நிற்பவர் ஆசிரியர். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வரும் மாணவரிடம் என்ன பேசுவது என்பதை வேலைக்கு வந்தபின் கற்றுக்கொள்ளக் கூடாது.

எங்கள் வட்டாரத்தில் இன்னொன்றும் தெரிய வேண்டும். நோன்பு மாதத்தில் தண்ணீர்கூட அருந்தாத பிள்ளையை நண்பகல் வெயிலில் ஓடவிட முடியாது. அதற்காக வகுப்புக்கு வெளியே உட்கார வைப்பதும் சரியில்லை. அப்பிள்ளைக்கு ஏற்ற பாடத்தைத் திட்டமிடுவது ஆசிரியரின் பொறுப்பு.

ஆகவே நாங்கள் கேட்பவை:

1. விண்ணப்பதாரரின் உடல்திறனோடு, தயங்கும் மாணவருக்கு ஓர் அசைவைச் சொல்லித்தரும் திறனையும் நேரில் சோதிக்க வேண்டும்.

2. உடற்குறை உள்ளவர்கள், பருமனான பிள்ளைகள், விளையாட்டில் ஆர்வமில்லாதவர்கள் ஆகியோருக்குக் கற்பித்த அனுபவம் பயிற்சிக் காலத்தில் கட்டாயமாக வேண்டும்.

3. பயிற்சி ஆசிரியரை மதிப்பிடும்போது, பாடவேளையில் எத்தனை பிள்ளைகள் உண்மையிலேயே அசைந்தாடினார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கோரிக்கையோடு நாங்கள் நின்றுவிடவில்லை. எங்கள் மாலைப் பயிற்சிகளுக்கு வந்து கற்பித்துப் பழக விரும்பும் பயிற்சி ஆசிரியர்களுக்கு இடம் தருவோம். பிள்ளைகளும் பெற்றோரும் சொல்லும் கருத்துகளை, பாராட்டானாலும் குறையானாலும், அவர்களிடம் அப்படியே தெரிவிப்போம்.