பேர் சொல்லும் பிள்ளைகள்



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பாட்டுப் பதிவுக்குக் கீழே, பெங்களூருவில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் மெட்டாலிகா குழுவின் 'பிரெட்ஃபேன்' பாட்டை இணைத்து, "இதையும் கேளுங்க சார்" என்று எழுதியிருந்தார். கேட்டேன், நன்றாக இருந்தது. ஆனால் அது மெட்டாலிகா எழுதிய பாட்டு இல்லை. எழுதியவர்கள் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த 'பட்ஜி' என்ற குழுவினர். இதை நான் சொன்னதும் இன்னொரு மாணவர், "பாவம் சார், திறமை இருந்தும் பெயர் வாங்காத குழு" என்று பதில் போட்டார்.

அந்தப் "பாவம்" என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பின்னூட்டத்தில் எழுதினால் அடங்காது என்பதால் தனிப் பதிவாகவே போடுகிறேன். வழக்கம்போல் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

வாத்தியார் ஹார்டு ராக் கேட்கிறாரா என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. ஓய்வுபெற்ற பிறகு காதுக்கு நேரம் நிறைய இருக்கிறது. உங்களில் யாராவது ஒரு பாட்டை அனுப்பினால் நான் அதோடு நிறுத்துவதில்லை. அதை யார் எழுதினார்கள், அவர்கள் யாரிடம் கற்றார்கள் என்று தேடிக்கொண்டே போவேன். அப்படிப் போய்ச் சேர்ந்த இடம்தான் பட்ஜி. ஆங்கில வரிகள் எனக்குப் பாதிதான் பிடிபடும். தாளம் முழுசாகப் பிடிபடும்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கூண்டில் ஜோடி ஜோடியாக வளர்த்து 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்கிறோமே, பச்சையும் நீலமுமாக, அந்தச் சின்னக் கிளியின் பெயர்தான் பட்ஜி. ஆஸ்திரேலியாவின் பறவை. வீடு அதிரும்படி வாசிக்கிற ஒரு குழு தனக்கு இந்தப் பெயரை வைத்துக்கொண்டது வேண்டுமென்றே செய்த குறும்பு. அந்தக் காலத்து ஹார்டு ராக் குழுக்கள் பயமுறுத்தும் பெயராகத் தேடிக்கொண்டிருந்தபோது இவர்கள் கூண்டுக்கிளியைத் தேர்ந்தெடுத்தார்கள். பாட்டுத் தலைப்புகளிலும் அதே குறும்புதான். ஒரு பாட்டின் தலைப்பு 'துறைமுகத் தொழிலாளியின் அக்குளைப் போலச் சூடு' என்று பொருள்படும்.

அந்தத் தலைப்பு சும்மா வந்ததில்லை. அவர்கள் ஊர் கார்டிஃப். நிலக்கரி ஏற்றுமதியால் வளர்ந்த துறைமுக நகரம். 1967-ல் அங்கே சேர்ந்த குழு அது. பர்க் ஷெல்லி பாஸ் கிடார் வாசித்துக்கொண்டே பாடுவார். டோனி போர்ஜ் கிடார், ரே பிலிப்ஸ் டிரம்ஸ். மொத்தமே மூன்று பேர். ஷெல்லி கண்ணாடி போட்டிருப்பார், குரல் உச்சியில் நிற்கும். கீழே இடி மாதிரி வாத்தியம், மேலே கீச்சென்று ஒரு குரல். அப்போதுதான் 'பட்ஜி' என்ற பெயர் ஏன் பொருந்துகிறது என்று புரியும்.

1971-ல் முதல் ஆல்பம் வந்தது. தயாரித்தவர் ரோஜர் பெய்ன். 'பிளாக் சப்பாத்' குழுவின் முதல் மூன்று ஆல்பங்களைத் தயாரித்தவரும் அவர்தான். பதிவான இடம் ராக்ஃபீல்டு. வேல்ஸ் நாட்டுப்புறத்தில் ஒரு பண்ணையை அண்ணன் தம்பி இருவர் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிய இடம் அது. 1973-ல் மூன்றாவது ஆல்பம். 'நண்பனுக்கு ஒருபோதும் முதுகு காட்டாதே' என்பது அதன் தலைப்பின் பொருள். அதில் முதல் பாட்டுதான் 'பிரெட்ஃபேன்'. ஆங்கிலக் கொச்சையில் பிரெட் என்றால் பணம். பணத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற ஒருவனைப் பற்றிய பாட்டு அது.

அதே ஆல்பத்தின் கடைசியில் 'பேரன்ட்ஸ்' என்று பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு பாட்டு இருக்கிறது. பிள்ளையைக் கண்டித்து வளர்த்த பெற்றோரைப் பற்றி, வளர்ந்த பிள்ளை நினைத்துப் பார்ப்பது போன்ற பாட்டு. சத்தம் போடுகிற குழு என்று ஒதுக்குகிறவர்கள் அதை ஒருமுறை கேட்க வேண்டும். முக்கியமாக, வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளைகளோடு தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என் பழைய மாணவர்கள்.

இவர்கள் தோற்றுப்போனவர்களும் இல்லை. எழுபதுகளில் இரண்டு ஆல்பங்கள் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதல் 40 இடங்களுக்குள் வந்தன. 1982-ல் ரெடிங் இசை விழாவில் ஒருநாள் நிகழ்ச்சியின் முதன்மைக் குழு இவர்கள்தான். அதே ஆண்டு போலந்துக்குப் போனார்கள். அங்கே அப்போது ராணுவச் சட்டம் அமலில் இருந்தது. மேற்கிலிருந்து ஹார்டு ராக் குழுக்கள் எட்டிப்பார்க்காத காலம். அந்த நேரத்தில் வந்து வாசித்தவர்களை போலந்து ரசிகர்கள் கடைசிவரை மறக்கவில்லை.

ஆனால் பெரிய பணம், பெரிய மைதானம், உலகம் முழுக்கப் பெயர் என்பதெல்லாம் வரவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. டிரம்ஸ் வாசிப்பவர்கள் மாறினார்கள். 1978-ல் போர்ஜ் விலகினார். 1988-ல் குழு ஊர் ஊராகப் போய் வாசிப்பதை நிறுத்திக்கொண்டது.

இப்போது மெட்டாலிகா பக்கம் வருவோம்.

1986 செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் அவர்களுடைய பாஸ் கிடார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். வயது 24. அடுத்து ஜேசன் நியூஸ்டெட் என்ற புதியவர் வந்து சேர்ந்தார். அவரோடு சேர்ந்து மெட்டாலிகா 1987-ல் வெளியிட்ட முதல் பதிவில் அவர்களுடைய சொந்தப் பாட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாமே தாங்கள் ரசித்து வளர்ந்த குழுக்களின் பாட்டுகள். அதில் ஒன்று பட்ஜியின் 'கிராஷ் கோர்ஸ் இன் பிரெய்ன் சர்ஜரி'. அடுத்த ஆண்டு 'பிரெட்ஃபேன்' வெளியிட்டார்கள். 1998-ல் இரண்டையும் மற்றவர் பாட்டுகளுக்கென்றே போட்ட இரட்டை ஆல்பத்தில் மறுபடியும் சேர்த்தார்கள்.

அவர்கள் மனதில் என்ன இருந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வீட்டில் ஒரு பெரிய இழப்பு நேர்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? பெரியவர்களிடம் போய் உட்கார்கிறோம். புதிதாக வந்தவரைக் குடும்பத்தோடு சேர்க்க வேண்டுமென்றால் குடும்பக் கதையைச் சொல்கிறோம். அவர்கள் செய்தது அதைப் போலத்தான் எனக்குப் படுகிறது.

இதில் ஆண்டைக் கவனியுங்கள். பட்ஜி ஓய்ந்தது 1988. மெட்டாலிகாவின் 'பிரெட்ஃபேன்' வந்ததும் 1988. வாத்தியார் பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கிய ஆண்டில் மாணவன் அதே பாடத்தைப் பல மடங்கு பெரிய வகுப்புக்கு நடத்த ஆரம்பித்தான்.

'பிரெட்ஃபேன்' இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மூலத்தில் வேகமான ஒரு கிடார் வரி திரும்பத் திரும்ப வரும். நடுவில் திடீரென்று எல்லாம் அடங்கி, மெல்லிய பாட்டாக மாறும். பிறகு பழைய வேகம் பாய்ந்து திரும்பும். இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டு மெட்டாலிகாவின் சொந்தப் பாட்டான 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' கேளுங்கள். பாய்ச்சல், நடுவே ஓர் அமைதி, மறுபடி பாய்ச்சல். பட்ஜியிடமிருந்து மட்டுமே கற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு வாத்தியார்கள் பலர். ஆனால் இந்த வகுப்பில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது காதுக்குத் தெரிகிறது. 'அயர்ன் மெய்டன்' குழுவும் 1992-ல் பட்ஜியின் ஒரு பாட்டை வாசித்துப் பதிவு செய்தது. அதுவும் இதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான்.

"அப்படியானால் மெட்டாலிகா இல்லாவிட்டால் பட்ஜியை யாருக்குத் தெரியும் சார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என்னைப் போன்ற பலர் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தோம். ஆனால் அதே கேள்வியைத் திருப்பியும் கேட்க வேண்டும். பட்ஜி போன்றவர்கள் இல்லாவிட்டால் மெட்டாலிகாவுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒன்றாம் வகுப்பு டீச்சர் இல்லாமல் கலெக்டர் இல்லை. கலெக்டரின் பெயர் பேப்பரில் வருகிறது என்பதற்காக ஒன்றாம் வகுப்பு டீச்சரைப் பார்த்து "பாவம்" என்பீர்களா? 36 வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பரிதாபம் எங்களுக்கு வேண்டாம்.

பரிதாபம் வேண்டாம், ஆனால் பெயர் வேண்டும். எனக்கு முக்கியம் அதுதான்.

மெட்டாலிகாவின் பதிவில் பாட்டை எழுதியவர்கள் யார் என்ற இடத்தில் போர்ஜ், பிலிப்ஸ், ஷெல்லி என்று மூன்று பெயரும் இருக்கின்றன. பெயர் இருந்தால்தான் காப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்குச் சேர வேண்டிய பங்கும் போய்ச் சேரும். பெயரை வெட்டிவிட்டுக் கொஞ்சம் மாற்றி வாசித்து, தங்களுடையது என்று சொல்லியிருந்தால் கலிஃபோர்னியாவில் எத்தனை பேர் கண்டுபிடித்திருப்பார்கள்? எங்கோ கார்டிஃபில் வந்த பழைய ஆல்பம் அது. அப்படிச் செய்யாமல் பெயரைச் சொல்லி வாசித்தார்கள். வாழ்நாள் முழுக்கப் பெரிய மைதானம் பார்க்காத ஒரு பாட்டு, எழுதியவர் பெயரோடேயே பெரிய மைதானங்களுக்குப் போனது.

வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். நாம் அதை மனப்பாடப் பகுதியாக வைத்துவிட்டு, நடைமுறையில் என்ன செய்கிறோம்? ஒருவர் ராத்திரி கண்விழித்து எழுதிய கட்டுரையின் அடியிலிருக்கும் பெயரை அழித்துவிட்டு, "படித்ததில் பிடித்தது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அலுவலகத்தில் கீழே இருப்பவர் தயாரித்த அறிக்கையை மேலே இருப்பவர் தன் பெயரில் படிக்கிறார். கேட்டால், "கருத்து போய்ச் சேர்ந்தால் போதாதா?" என்கிறார்கள். போதாது.

இதைச் சற்றுக் கோபமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்களோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் ஏழாம் வாய்ப்பாட்டுக்கும் எட்டாம் வாய்ப்பாட்டுக்கும் கும்மி மெட்டில் பாட்டுக் கட்டியிருந்தார். உங்களில் பாதிப் பேர் அதைப் பாடித்தான் வாய்ப்பாடு படித்தீர்கள். பின்னாளில் ஓர் ஆசிரியர் பயிற்சி முகாமில் வேறொருவர் அதைத் தன்னுடைய புதிய முறை என்று செய்துகாட்டிக் கைதட்டல் வாங்கினார். பின்வரிசையில் டீச்சரும் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "பிள்ளைங்க படிச்சா சரி சார்" என்றார். முகம் மட்டும் வாடியிருந்தது.

அவர் பெயரை இங்கே போடலாமா என்று நேற்று போனில் கேட்டேன். "ஃபேஸ்புக்ல எல்லாம் என் பேரு வேணாம் சார்" என்று சொல்லிவிட்டார். அவர் விருப்பத்தை மீற முடியாது. ஆனால் யார் என்று உங்களுக்குத் தெரியும். இன்று உங்கள் பிள்ளைக்கு அதே பாட்டைச் சொல்லித் தருகிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லித் தரும்போது, "இது எங்க டீச்சர் கட்டின பாட்டு" என்று அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாய்ப்பாட்டோடு அந்தப் பெயரும் மனப்பாடம் ஆகட்டும்.

சமையலிலும் அப்படித்தான். நாத்தனார் கைப்பக்குவம் என்றால் நாத்தனார் பெயரைச் சொல்லுங்கள். பட்டறையில் தொழில் கற்றவர்கள் மேஸ்திரியின் பெயரைச் சொல்லுங்கள். அதனால் உங்கள் பெயர் ஒன்றும் குறைந்துவிடாது. பட்ஜியின் பெயரைச் சொன்னதால் மெட்டாலிகாவுக்கு என்ன குறைந்தது?

பர்க் ஷெல்லிக்கு 2010-ல் போலந்துக்குப் போயிருந்தபோது உடல்நிலை மோசமானது. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயில் வீக்கம். அங்கேயே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். 2022 ஜனவரி 10 அன்று சொந்த ஊரான கார்டிஃபில் இறந்தார். வயது 71. அவர் எழுதிய பாட்டை அவர் பிறந்த நாட்டைப் பார்த்தே இராத பிள்ளைகள் இன்றும் கிடாரில் பழகிக்கொண்டிருக்கிறார்கள். பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவருக்கு ஊர் ஊராக இருக்கிறார்கள். ஆகவே "பாவம்" என்று எழுதிய தம்பி, அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'பேரன்ட்ஸ்' கேளுங்கள், அப்புறம் 'பிரெட்ஃபேன்'. காதுக்கருவியில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், என் வயதுக்காரர்கள் முக்கியமாக.

உங்களுக்கு எழுத்தோ தொழிலோ பாட்டோ சமையலோ கற்றுக்கொடுத்த, வெளியே யாருக்கும் தெரியாத ஒருவரின் பெயரை, அவர் சம்மதம் இருந்தால், கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். என் பெயரை எழுத வேண்டாம், அது இந்தப் பக்கத்தின் மேலேயே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு சார்