மூலநிரல் எங்கே?

மாத்தளையில் மிளகு பயிரிடும் நம் விவசாயி, கொடியைப் பிறர் கையில் விட்டு மிளகை மட்டும் பெற இசைவாரா? இசைந்தால் அடுத்த விளைச்சல் அயலார் தயவிலன்றோ!

கணினியில் மட்டும் நாம் இசைந்துவிட்டோம். லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியதும் கையில் வருவது மிளகு, மூலநிரலே கொடி. "நிறுவியாயிற்று, இனி அது எதற்கு?" என்கின்றனர் சிலர். வழு நேர்ந்தால் எதைக் கொண்டு திருத்துவர்? தமிழ் எழுத்துச் சிதைந்தால் யாரிடம் கையேந்துவர்?

லினக்ஸ் கருவுக்குரிய உரிமம், 1991இல் வெளிவந்த ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு. மூலநிரலை உடன் தராத வணிகர், பிரதிசெய்து வழங்கும் செலவுக்கு மேற்படாத கட்டணத்தில் அதைத் தருவதாக எழுதிக் கொடுத்தல் வேண்டும். அவ்வாக்கு குறைந்தது 3 ஆண்டுகள் செல்லும். டெபியனிலோ, மூலக் களஞ்சிய வரியைச் சேர்த்து, பட்டியலைப் புதுப்பித்து, 'ஆப்ட் சோர்ஸ்' எனப் பொதியின் பெயரோடு கட்டளையிட்டாற் போதும்.

2004 ஆழிப்பேரலையின்போது இலங்கை நிரலாளர் ஆக்கிய 'சகானா', பின்னர் பாகிஸ்தானுக்கும் ஹெயிட்டிக்கும் துணை நின்றது. மூலம் திறந்திருந்ததனாலன்றோ அது கடல் கடந்தது!

கணினி வாங்கும் பாடசாலைகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் கேட்கின்றோம்: விலைச்சீட்டோடு மூலநிரலையும் கேட்டீர்களா? இல்லையேல், இன்றே கேளுங்கள்!