மருந்துக்கும் முத்திரை அளவு வேண்டும்



நம் கடைத் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் முத்திரை பெறுகிறோம். கோட்டாறு கம்போளத்தில் ஒரு கிலோ பருப்பில் இருபது கிராம் குறைந்தால் வாங்குபவர் சும்மா போகமாட்டார். அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் அதே வாடிக்கையாளர் வீட்டில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், மருந்து அளக்க எடுப்பது சர்க்கரை டப்பாவில் கிடக்கும் ஸ்பூனைத்தான். அளவையே தொழிலாகக் கொண்ட நாம் இதைப்பற்றிப் பேசாமல் இருக்கலாகாது.

நாழி, உழக்கு, மரக்கால், கோட்டை என்று நாஞ்சில் நாட்டில் அளந்த காலத்தை நம் தகப்பனார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊருக்கு ஊர் அளவு மாறும். அதனால் வழக்கும் வம்பும் வரும். 1958-ல் கிலோ எடை வரத் தொடங்கி, 1962-ல் கட்டாயமானபோது முணுமுணுத்தவர்களும் பிறகு அதன் நன்மையை ஒப்புக்கொண்டார்கள். கடைக்கு வந்த அந்த ஒழுங்கு, வீட்டு மருந்துப் புட்டிக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

டீஸ்பூன் என்றால் மருத்துவக் கணக்கில் 5 மில்லி. வீட்டு ஸ்பூனோ காப்பிக்கு ஒன்று, பாயசத்துக்கு ஒன்று, ஊறுகாய்க்கு ஒன்று. ஒன்றில் பிடிப்பது மற்றதில் பிடிக்காது. சங்கிலும் பாலாடையிலும் கோடு கிடையாது. கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் கடைவாயில் வழியும். பெரியவர்களுக்கு இதனால் பெரிய கேடு வராமல் போகலாம். ஐந்து கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அரை மில்லி வித்தியாசமும் கணக்குத்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பாரசிட்டமால் மருந்து ஒரே பெயரில் பல வீரியத்தில் வருகிறது. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் ஒரு வகை 5 மில்லிக்கு 120 மில்லிகிராம்; இன்னொரு வகை 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். டாக்டர் 100 மில்லிகிராம் எழுதினால், சொட்டு மருந்தில் அது 1 மில்லி. முதல் வகைச் சிரப்பில் 4 மில்லிக்குச் சற்று மேல். இரண்டாம் வகையில் 2 மில்லி. சிரப்புக்குச் சொன்ன 4 மில்லியைச் சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் பிள்ளையின் வயிற்றுக்குள் போவது 400 மில்லிகிராம், அதாவது நான்கு பங்கு. இப்படி அளவு மீறுவது தொடர்ந்தால் ஈரல் கெட்டுப்போகும். இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் அமெரிக்காவில் 2011-ல் மருந்துக் கம்பெனிகள் குழந்தைகளுக்கான பாரசிட்டமால் திரவத்தை ஒரே வீரியத்துக்குக் கொண்டுவந்தன. நம் நாட்டில் இன்னும் இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இதற்கு எளிய மருந்து, ஊசி இல்லாத சிரிஞ்சு. சில ரூபாய்தான் விலை. ஆனால் எந்தச் சிரிஞ்சு என்பதில் கவனம் வேண்டும். மூட்டை நிறுக்கும் தராசில் கிராம்பு நிறுப்போமா? அதுபோல அளவு சிறிதானால் சிரிஞ்சும் சிறிதாக இருக்க வேண்டும். 10 மில்லி சிரிஞ்சில் பெரும்பாலும் அரை மில்லிக்கு ஒரு கோடு. 5 மில்லியில் 0.2-க்கு ஒன்று, 2 மில்லியில் 0.1-க்கு ஒன்று. 0.6 மில்லி கொடுக்க 1 மில்லி சிரிஞ்சே சரி. சர்க்கரை நோயாளியின் இன்சுலின் சிரிஞ்சை மட்டும் எடுக்கவே கூடாது. அதிலுள்ள எண் யூனிட் கணக்கு. நம் ஊரில் பரவலாக உள்ள ஒரு வகையில் 40 என்பதுதான் 1 மில்லி. போதாததற்கு அதில் ஊசி சேர்ந்தே இருக்கும்.

எடுக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். புட்டியை நன்றாகக் குலுக்கி, சுத்தமான சிறு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, அதிலிருந்து உறிஞ்ச வேண்டும். காற்றுக்குமிழி இருந்தால் நுனியை மேலே பிடித்துத் தட்டி வெளியேற்ற வேண்டும். கண்மட்டத்தில் வைத்து, கறுப்பு ரப்பரில் மருந்தைத் தொடும் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். குழந்தையை நிமிர்த்தி வைத்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்; தொண்டையைப் பார்த்துப் பீச்சினால் புரையேறும். நுனியில் மூடி இருந்தால் முதலிலேயே கழற்றித் தூர எறிந்துவிட வேண்டும். அது பிள்ளையின் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

“நம்மையெல்லாம் சங்கில்தானே வளர்த்தார்கள்?” என்று சிலர் கேட்கலாம். அன்று சங்கில் புகட்டியது பாலும் உரைமருந்தும். இன்று புட்டியில் இருப்பது செறிவாக்கிய மருந்து. அரசாங்கம் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கும்போது 1 மில்லி, 2 மில்லி குறித்த கரண்டியைச் சேர்த்தே அனுப்புகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மருந்துக்கும் 1 மில்லி அளந்துவிடும் புட்டியை வகுத்திருக்கிறது. அரசாங்கமே ஸ்பூனை நம்பவில்லை. நாம் ஏன் நம்ப வேண்டும்?

ஆகவே நம் உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள்கள்:

1. மளிகைக் கடையில் யாராவது குழந்தை மருந்தின் அளவு கேட்டால் “ஒரு ஸ்பூன் கொடுங்க” என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். எடை பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ போகச் சொல்லுங்கள்.

2. சிரிஞ்சும் மருந்துச் சட்டத்துக்குள் அடங்கும் பொருள். மளிகைக் கடையில் தொங்கவிட்டு விற்க வேண்டாம்; உரிமம் உள்ள மருந்துக்கடையில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

3. மருந்துக்கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள், குழந்தை மருந்து வாங்குபவருக்குச் சிரிஞ்சும் வேண்டுமா என்று தாங்களாகவே கேளுங்கள். எந்தக் கோடு வரை என்று பேனாவால் குறித்துக் கொடுங்கள். சீட்டில் 0.5 என்பதில் புள்ளி மங்கியிருந்தால் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். புள்ளி போனால் பத்து மடங்கு. பில் எழுதும் நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

4. நம் சங்கம் “மருந்தை மில்லியில் அள, ஸ்பூனில் அளக்காதே” என்று ஓர் அட்டை அச்சிட்டு ஒவ்வொரு கடைக்கும் தரவேண்டும். வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நான் முன்மொழிகிறேன். அச்சுக்கூலியில் என் பங்கையும் தருகிறேன்.

எடை குறைந்தால் அடுத்த தடவை சரிக்கட்டிக் கொடுக்கலாம். மருந்து கூடினால் அப்படிச் சரிக்கட்ட வழியில்லை. இந்தத் தீர்மானத்துக்கு உறுப்பினர்கள் அனைவரும் கைகொடுக்க வேண்டுகிறேன்.