கேணிக்கரையில் ஒரு கணக்கு

சனிக்கிழமைகளில் எண்ணெய் வைத்துக் கீரிமலைக் கேணியில் முழுகுவது எனக்கு இளமை தொட்டு வந்த வழக்கம். இடையிலே ஒரு கால் நூற்றாண்டு அது முடியாமற் போயிற்று. அக்கதை பின்னால் வரும். சென்ற வாரம் முழுகி எழுந்து, படிக்கட்டில் அமர்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, என்னிலும் ஆறு வயது இளைய நண்பரொருவர் பக்கத்தில் வந்து குந்தினார். அரசாங்க இலிகிதராய் இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றி வளைக்கும் பழக்கமில்லாதவர்.

“மாஸ்டர், வங்கியிலை வட்டி எட்டு வீதத்துக்கு வந்திட்டுது. அதிலையும் பத்திலை ஒரு பங்கு வரியெண்டு பிடிக்கிறாங்கள். நகரத்திலை ஒருத்தர் மாதம் ஐஞ்சு வீதம் தாறாராம். மூண்டு பேருக்கு ஒழுங்காய்க் குடுத்து வாறார். என்ரை இருபத்தெட்டு இலட்சத்தையும் குடுத்துவிடுவமோ எண்டு யோசிக்கிறன்.”

இருபத்தெட்டு இலட்சம் என்பது அவருடைய பணிக்கொடை. முப்பத்திரண்டு ஆண்டு கோப்புக் கட்டிய கூலி. கலியாணமாகாத ஒரு மகளும் வீட்டிலிருக்கிறாள். நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. அவருக்கு அன்று சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி அவர் ஒருவருடையதன்று. இன்று யாழ்ப்பாணத்திலே சிறு முதல் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டின் கேள்வியும் அதுவே.

முதலில் அந்த ஐந்து வீதத்தைப் பார்ப்போம். மாதம் ஐந்து என்றால் ஆண்டுக்கு அறுபது. வட்டியை முதலோடு சேர்த்துக்கொண்டே போனால் எண்பதை எட்டும். நூறு ரூபாவை வாங்கி ஆண்டு முடிவில் நூற்றறுபதாய்த் திருப்பித் தரக்கூடிய வியாபாரம் ஒன்று ஒருவனிடம் உண்மையாகவே இருக்குமாயின், அவன் வங்கியிலே அதன் நாலிலொரு பங்குக்கும் குறைந்த வட்டியில் கடன் பெறலாமே. ஓய்வூதியக்காரர் வீட்டுத் திண்ணைக்கு அவன் வருவானேன்? மூன்று பேருக்கு ஒழுங்காகக் கொடுக்கிறான் என்பது சான்றாகாது. நாலாவது ஆளின் முதலிலிருந்து முதல் மூவருக்கும் வட்டி கொடுப்பது எக்காலத்திலும் இயலும். ஐந்தாவது ஆள் வராத மாதத்திலேதான் குட்டு வெளிப்படும். இத்தகைய பிரமிட்டுத் திட்டங்களை வங்கித்தொழிற் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆயினும் சட்டம் தண்டிக்குமேயன்றிப் போன முதலைக் கொண்டுவந்து தராது.

இதைச் சொல்ல எனக்கு ஓர் உரிமையுண்டு, நானும் ஏமாந்தவன். போர் முடிந்து ஏ-9 பாதை திறந்த பின்னர், கொழும்பு நிதிக் கம்பனிகள் பல யாழ்ப்பாணத்திலே கிளை திறந்தன. குளிரூட்டிய அறை, தமிழிலே பேசும் பிள்ளைகள், வங்கியிலும் நாலு வீதம் கூட வட்டி. ஒன்பது இலட்சத்தை ஒன்றிலே வைத்தேன். மாத வட்டி தவறாமல் வந்தது. அது வந்துகொண்டிருந்ததனாலேயே நான் எதையும் கேட்கவில்லை. 2020 இல் அதன் அனுமதிப்பத்திரம் நீக்கப்பட்டது. வைப்புக் காப்புறுதி அந்நாளில் ஆறு இலட்சம் வரைதான். அது வந்து சேர்ந்தது. மிச்சம் மூன்று இலட்சத்துக்கு ஒரு கடிதக் கட்டு என்னிடம் இருக்கிறது. இன்று அந்த எல்லை ஓர் ஆளுக்கு, ஒரு நிறுவனத்தில், பதினொரு இலட்சம். இருபத்தெட்டு இலட்சத்தை ஒரே இடத்தில் வைப்பவர் பதினேழு இலட்சத்தைக் காப்பின்றி வைக்கிறார் என்பதே இதன் பொருள். அனுமதி பெற்ற மூன்று நிறுவனங்களிலே பிரித்து வைத்தால் முழுத் தொகையும் காப்புக்குள் வந்துவிடும். இவ்வளவு எளிய கூட்டற் கணக்கை நான் ஒன்பது இலட்சம் வைத்த அன்று போட்டுப் பார்க்கவில்லை. போட்டிருந்தால் ஒரு கையெழுத்து அதிகம் வைத்திருப்பேன், அவ்வளவே.

ஆனால் நண்பரின் மனக்குறையையும் தள்ளிவிட முடியாது. வங்கியிலே வைத்த பணம் பத்திரம் என்பது பாதி உண்மை. எண் பத்திரம், அந்த எண் வாங்கும் பொருள் பத்திரமன்று. 2021 செப்டெம்பரில் பத்து இலட்சத்தை ஆறு வீதத்துக்கு வைப்பிலிட்டவரை எடுத்துக்கொள்வோம். ஓராண்டின் பின் அவர் கையில் பத்து இலட்சத்து அறுபதினாயிரம். அதே ஓராண்டில் கொழும்பு விலைச் சுட்டெண் எழுபது வீதம் ஏறியது. முந்திப் பத்து இலட்சத்துக்கு வாங்கிய சாமான் பதினேழு இலட்சமாயிற்று. ஒரு சதமும் களவு போகவில்லை. வங்கிப் புத்தகத்திலே ஒரு பிழையுமில்லை. முதலில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கரைந்துபோயிற்று. 2022 ஏப்பிரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்ததும், டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்குத் தாவியதும் வாசகர் அறிந்தவை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம். அவ்வரிசையிலே நிற்கும்போது நம் சேமிப்பும் கரைகிறது என்று எண்ணியவர் எத்தனை பேர்?

இதன் மறுபக்கமும் உண்டு. அவ்வாண்டின் கடைசியில் அரசாங்கத் திறைசேரி உண்டியல்கள் முப்பது வீதத்தை ஒட்டி வட்டி தந்தன. நாடு முறிந்துவிட்டது, அரசாங்கத் தாளை யார் வாங்குவார் என்று படித்தவர்களே சிரித்தார்கள். துணிந்து வாங்கியவருக்கு முதலும் வட்டியும் சொன்ன நாளில் வந்தன. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் விலையேற்றமோ இரண்டு வீதத்துக்குள் அடங்கியது. அடி விழுந்தது வேறோரிடத்தில்: 2023 இல் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த அரசாங்க முறிகள், வட்டி குறைந்த புதிய முறிகளாக மாற்றப்பட்டன. தான் தெரிந்தெடுத்து வைத்த பணம் தப்பியது. தன்னைக் கேளாமல் பிறர் வைத்த பணத்துக்கே பங்கம் வந்தது. தொழிலாளியின் வயிற்றிலடித்த இச்செய்தி நம் பத்திரிகைகளிற் பெற வேண்டிய இடத்தைப் பெறவில்லை என்பது என் துணிபு.

இனி, நம்மவர் பெரிதும் நம்பும் காணியையும் பவுணையும் பற்றி. இங்கேதான் கீரிமலைக் கதையைச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தான் முதலீடு அறியாதவன் என்று சொல்வது அறியாமை. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையிலேயே ஒத்தி, அடைவு, வட்டி யாவும் பேசப்படுகின்றன. ஒத்திக்கு வாங்கிய காணியை உழுது அதன் விளைவை வட்டிக்கு ஈடாக அநுபவிக்கும் முறை, இன்றைய நிதிக் கலைஞர் எவர்க்கும் குறைந்த சூழ்ச்சியன்று. மலாயாவிலே புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்த்த நம் பாட்டன்மார் காசுக்கட்டளை அனுப்பி, இங்கே கல்வீடும் தோட்டமும் கண்டார்கள். 1930 களில் மூளாயில் ஊர்மக்கள் கூடிக் கூட்டுறவு ஆசுபத்திரியே எழுப்பினார்கள். சீட்டுப் பிடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கழிவு கூறி எடுப்பவனுக்கு அது கடன், கடைசியில் எடுப்பவனுக்குச் சேமிப்பு. நடுவில் நிற்பது தாச்சியின் நாணயம் ஒன்றே. தாச்சி இரவோடிரவாக ஊர் மாறினால் கேட்பாரில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

1990 இல் இப்பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தது. என் தகப்பனார் தம் வாழ்நாள் தேட்டம் அத்தனையையும் கேணிக்குக் கூப்பிடு தூரத்தில் ஆறு பரப்புக் காணியிலும் ஒரு நாற்சார் வீட்டிலும் போட்டிருந்தவர். புறப்பட்டபோது அவர் கையில் இருந்தவை உறுதிகள் அடங்கிய ஒரு தகரப் பெட்டி, என் தாயாரின் கழுத்துக் கொடி, வங்கிப் புத்தகம் ஒன்று. காணி எங்களோடு நடந்து வரவில்லை. கொடி வந்தது, மூன்று முறை அடைவுக்குப் போய் மீண்டது, நாலாம் முறை மீளவில்லை. அதுதான் என் தங்கையைப் படிப்பித்தது. 2015 க்குப் பிறகே காணியை மறுபடி கண்ணாற் கண்டேன். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும், ஒரு வேம்பும், மண்மூடிய கிணறும் கிடந்தன. தகப்பனார் அதைக் காண இருக்கவில்லை.

அந்நாள் தொட்டு எந்த முதலைக் கண்டாலும் ஒரு கேள்வி தானாக எழுகிறது: அவசரத்துக்கு இது நடக்குமா? பவுண் நடக்கும். வங்கிக் கணக்கு நடக்கும். கிளை மூடினாலும் வேறு ஊரில் பதிவிருக்கும். காணி நடக்காது. ஆனாலும் பிள்ளைகள் கனடாவிலிருந்து அனுப்பும் பணத்தையெல்லாம் இன்னும் மதிலுக்கும் மாடிக்குமே போட்டுப் பூட்டிவைத்துச் சாவியை அயலவரிடம் கொடுக்கிறோம். குடியிருக்க ஒரு வீடு வேண்டும். பூட்டிக் கிடக்கும் இரண்டாவது வீடு முதலீடு அன்று. அதற்குப் பெயர் பெருமை. பவுணைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2022 தொடக்கத்தில் ஒன்றேகால் இலட்சத்துக்குள் நின்ற ஆபரணப் பவுண், 2025 இல் மூன்று இலட்சத்தைத் தாண்டியது. ஏறிவந்த விலையைக் கண்டு இப்போது ஓடிப்போய் வாங்குகிறவர், செய்கூலியும் சேதாரமும் கொடுத்து நகையாக வாங்கினால், விற்கும்போது அவ்விரண்டையும் மறந்துவிட வேண்டும்.

பங்குச் சந்தை என்றதும் நண்பர் முகத்தைச் சுளித்தார். “அது சூதெல்லே, மாஸ்டர்?” மாதம் ஐந்து வீதத்துக்கு முன்பின் அறியாதவனிடம் முதலைக் கொடுக்கத் துணிந்தவர் சொல்லும் சொல்லா இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் அவர் அச்சத்துக்கு நம்மூரிலேயே சான்றிருக்கிறது. காங்கேசன்துறையிலே 1950 இல் தொடங்கிய சிமெந்து ஆலையின் பக்கத்தில் பின்னாளில் எழுந்த லங்கா சிமெந்துக் கம்பனியின் பங்குகள் கொழும்புச் சந்தையிலே பட்டியலிடப்பட்டிருந்தன. 1990 இல் ஆலை நின்றது. புகைபோக்கி குளிர்ந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் பங்கின் பெயர் சந்தைப் பட்டியலில் இருந்தது. யாரோ வாங்கினார்கள், யாரோ விற்றார்கள். இந்தக் கேணிக்கு நீர் சுரக்கும் அதே சுண்ணக்கல்லைத்தான் அங்கே சிமெந்தாக்கினார்கள் என்பதை அவர்கள் அறிந்திருப்பார்களோ என்னவோ.

அதற்காக ஒரு கம்பனியைக் கண்டு சந்தை முழுவதையும் தள்ளலாகாது. 2022 ஜனவரியில் பதின்மூவாயிரத்தைத் தாண்டியிருந்த கொழும்பு அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், சில மாதங்களில் ஏறக்குறையப் பாதியாயிற்று. ஏப்பிரலிலே சந்தையையே சில நாள் மூடிவைத்தார்கள். உச்சத்தில் வாங்கியவர் தம் விலையை மறுபடி காண 2024 இறுதிவரை பொறுக்க நேர்ந்தது. 2025 இல் அது இருபதினாயிரத்தைக் கடந்தது. பொறுத்தவருக்குப் பலன், மகளின் கலியாணத்துக்காக நடுவில் விற்றவருக்கு நட்டம். ஐந்தாறு ஆண்டுக்குள் வேண்டிவரும் பணத்தை அங்கே வைக்கலாகாதென்பதற்கு இதிலும் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

வருங்காலம் எப்படியென்று நண்பர் கேட்டார். சோதிடம் எனக்கு வராது. ஆனால் ஒன்று கண்கூடு: வட்டி குறைந்த காலத்திலேதான் மனிதர் பொறுமையிழந்து, விலையேறிய பொருளின் பின்னால் ஓடுகிறார்கள். வட்டி முப்பதாய் இருந்தபோது அஞ்சியவர்கள், எட்டாய் இருக்கும்போது துணிகிறார்கள். இது தலைகீழ். இன்னொரு குறையையும் சொல்லாமல் விட முடியாது. கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. தமிழ் மட்டும் அறிந்த சிறு முதலாளி எதை நம்பி வாங்குவது? தரகரின் வாயையா? அறிக்கையைத் தமிழிலே கேட்பது நம் உரிமை, கேட்பாரில்லாததால் கொடுப்பாரில்லை.

கடைசியில் நண்பருக்கு ஒரு வெற்றுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். ஓராண்டுச் செலவுக்குரிய பணமும் மகளின் காரியத்துக்குரிய பணமும் இரண்டு வங்கிகளிலே நிலையான வைப்பாக. ஒரு பகுதிக்கு வங்கி மூலம் திறைசேரி உண்டியல். அவருக்கு மனமிருந்தால், போனாலும் நித்திரை கெடாத அளவு, ஒன்றிரண்டு இலட்சம் மட்டும், தாம் நாள்தோறும் வாங்கும் பொருளைச் செய்யும் கம்பனிகளின் பங்கிலோ அலகு நம்பிக்கை நிதியிலோ, ஒரேயடியாகவன்றி மாதமாதமாக. நகரத்து மனிதரின் பெயர் மத்திய வங்கி வெளியிடும் அனுமதிப் பட்டியலில் உண்டா என்று பார்க்கும்படியும் சொன்னேன்.

அவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு இடுப்புப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். நாட்காட்டித் தாளின் பின்புறம், நீல மையினால், நாலு இலட்சம் பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து. முத்திரையில்லை, விலாசமில்லை. சென்ற திங்கட்கிழமையே கொடுத்துவிட்டாராம். மகளுக்குத் தெரியாதாம்.

“மிச்சத்தையாவது வைச்சிருக்கிறன்தானே, மாஸ்டர்,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை சுன்னாகத்து வங்கிக்கு இருவருமாய்ப் போவதென்று பேசியிருக்கிறோம். அதற்கு முன் வியாழக்கிழமை அந்த நகரத்து மனிதரிடம் போய் நாலு இலட்சத்தைத் திருப்பிக் கேட்கவேண்டும். தனியே போக அவருக்கு வெட்கமாயிருக்கிறதாம். நானும் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.