உல்லாசப் படகுக்கு ஒரு சட்டம், ஓட்டைப் படகுக்கு ஒரு சட்டமா?

காலித் துறைமுகத்துக்கு வெள்ளைப் பாய் விரித்து உல்லாசப் படகுகள் வருகின்றன. உலகைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட சீமான்கள் அவற்றிலே வருகிறார்கள். முன் துறையில் பெற்ற விடைச்சீட்டு, படகில் உள்ளோரின் பெயர்ப் பட்டியல், ஆளுக்கொரு கடவுச்சீட்டு ஆகியவற்றைக் காட்டினால் போதும். முகவர் ஒருவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார், முத்திரை விழுகிறது, சீமான் கரையிறங்கி இளநீர் பருகுகிறார். பருகட்டும்! விருந்தினரை வெறுப்பது தமிழன் வழக்கமன்று.

ஆனால் அதே கடலில், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கிடக்கும் ஏறத்தாழ இருபது கல் நீர்ப்பரப்பில், இருட்டு வேளையில் ஒரு மீன்பிடிப் படகில் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கடந்தாளே இறக்குவானைத் தோட்டத்துக் கொழுந்து பறிக்கும் பெண், அவளுக்கு என்ன முத்திரை விழுந்தது? அக்கரையில் அவளுக்குச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று பெயர். திரும்பி வந்தால் இக்கரையில் 'சட்டவிரோதமாய் வெளியேறியவள்' என்று பெயர். போனதும் குற்றம், வந்ததும் குற்றம், இருந்ததும் குற்றம்! உயிரோடிருப்பதற்கே கடவுச்சீட்டுக் கேட்கும் சட்டங்களை யாருக்காக இயற்றினீர்கள் என்று இரு சர்க்கார்களையும் நாம் கேட்கிறோம்.

சப்பிரகமுவ மலைகளின் தமிழனுக்குத் தாள் புதிதன்று. அவனுடைய வரலாறே தாள்களின் வரலாறு. முதலில் வந்தது 'துண்டு'. கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டம் போகலாம் என்று எழுதிய அந்தச் சீட்டு, ஆளையே விற்று வாங்கும் பத்திரமாக இருந்தது, 1921இல்தான் ஒழிந்தது. 1901இல் வந்தது 'தகர டிக்கெட்'. தோட்டத்தின் எண்ணைப் பொறித்த தகர வில்லையைக் கழுத்திலே மாட்டி, மண்டபத்திலே நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்து, பிறகு கப்பலேற்றி அனுப்பினார்கள். அன்று எந்த அதிகாரியும் "உன் பாட்டனார் எங்கே பிறந்தார்?" என்று கேட்கவில்லை. தேயிலை நடவும் றப்பர்ப் பால் வெட்டவும் கைகள் வேண்டியிருந்தன. கைகள் வேண்டியிருக்கும்போது பாட்டனார் யாருக்கு வேண்டும்?

பாட்டனாரைப் பற்றிய கேள்வி 1948இல் பிறந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டிலே பிறந்த ஒருவனை நோக்கி, உன் தந்தையும் இங்கே பிறந்தார் என்று காட்டு, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றது. சட்டம் இயற்றிய மந்திரிமாரில் எத்தனை பேர் தம் முப்பாட்டனின் பிறப்புப் பத்திரத்தை மேசைமேல் வைத்திருப்பார்கள்? பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத காலத்துப் பிறப்புக்குத் தாள் கேட்பது, குடத்தைப் பறித்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவா என்பது போன்றது.

1949இல் ஒரு வாசல் திறப்பதாகச் சொன்னார்கள். இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மணமானவர் ஏழாண்டு, மணமாகாதவர் பத்தாண்டு இடைவிடாது இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளிநாடு போயிருந்தால் அந்த வாசம் அறுந்தது. தாயின் காரியத்துக்கு ஊர் போனவன், தங்கையின் கலியாணத்தை முடித்து நோயில் விழுந்து திரும்பத் தாமதித்தவன், இவர்களெல்லாம் அந்தப் பன்னிரண்டு மாதக் கத்தியில் அகப்பட்டார்கள். 1951 ஆகஸ்டுக்குள் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவற்றிலே அடங்கினர். கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கு! இந்தியப் பிரயாணம் என்பது ஒரு குடும்பத்தின் உரிமையையே தின்னும் பிரயாணமாயிற்று. 1949 நவம்பரில் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. நேற்று வரை தகர வில்லையோடு கடந்த கடலைக் கடக்க இன்று கடவுச்சீட்டும் அனுமதியும் வேண்டும். கடவுச்சீட்டுக்குப் பிரஜாவுரிமை வேண்டும். பிரஜாவுரிமை இல்லை.

கேகாலை மாவட்டம் இந்த அநீதியை முன்னரே கண்டிருந்தது. 1946இல் உந்துகொடைப் பகுதியிலே நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென்று சர்க்கார் எடுத்தது. வெளியேற மறுத்த தொழிலாளர்மேல் அத்துமீறல் வழக்குத் தொடர்ந்தது. பிறந்து வளர்ந்த லயத்திலே இருந்தது அத்துமீறலாம்! தோட்டங்கள் தோறும் வேலைநிறுத்தம் வெடித்தது. அதே மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதியில்தான் பிற்பாடு கோடாக்கன்பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் இடாப்பிலே சேர்க்கும்படி வழக்காடினார். கேகாலையிலே மீளாய்வு செய்த அதிகாரி அவர் பக்கமே தீர்த்தார். உயர் நீதிமன்றம் அதைப் புரட்டிற்று. 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது. இது குடியுரிமை பற்றிய சட்டமேயன்றி ஓர் இனத்தைக் குறிவைத்த சட்டம் அன்று என்பது அவர்களுடைய நியாயம். சட்டத்தின் எழுத்திலே இனத்தின் பெயர் இல்லை என்பது மெய். வலையிலும் மீனின் பெயர் எழுதியிருப்பதில்லை!

பிறகு வந்தது 1964 அக்டோபர் 30. ஸ்ரீமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாய்ப் பங்கிட்டார்கள். யாரைக் கேட்டுப் பிரித்தார்கள்? தோட்டத்திலே ஒருவரையும் கேட்கவில்லை. விண்ணப்பம் கேட்டபோது, இந்தியாவுக்கென்று எழுதியவர்கள் ஒப்பந்தத் தொகையை எட்டவில்லை. இலங்கைக்கென்று எழுதியவர்களோ ஒதுக்கிய இடத்தைப் போல இரு மடங்குக்கு மேல். மக்கள் தம் தீர்ப்பை எழுதித் தந்தார்கள். அந்தத் தீர்ப்பைப் படிக்க எவருக்கும் நேரமில்லை.

இந்தியக் கடவுச்சீட்டுக் கிடைத்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தலைமன்னாருக்கு ரயிலேறினார்கள். 1980களின் நடுவில் போர் மூண்டது; கப்பல் நின்றது. கையிலே இந்தியக் கடவுச்சீட்டு, காலோ பலாங்கொடை மண்ணிலே! அனுமதிக் காலம் கடந்து, இரு நாட்டுக்கும் அந்நியராய் அவர்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். அதற்கிடையில் 1977, 1981, 1983. குறிப்பாக 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைத் தோட்டங்களில் லயங்கள் எரிந்ததை நாம் மறக்கவில்லை. எரிகிற லயத்திலிருந்து ஓடுகிறவன் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கா ஓடுவான்? வவுனியாவுக்கு ஓடினான், அங்கும் போர் துரத்த மன்னாருக்கு ஓடினான், மன்னாரிலே படகுக்காரனுக்குக் காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துக் கடலேறினான். இறங்கிய இடம் மண்டபம். தகர வில்லை மாட்டிய பாட்டனை அடைத்துவைத்த அதே மண்டபம்!

இன்று தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் 50,000க்கு மேற்பட்டோர். முகாம் என்ற சொல்லோடு 'மறுவாழ்வு' என்ற சொல்லை 2021இல் சேர்த்தார்கள். நல்லது, சொல்லாவது கிடைத்தது. அவர்களுள் மலையகத்தாரும் ஆயிரக்கணக்கில் உண்டு. 1964 ஒப்பந்தத்தால் இந்தியாவே ஏற்றுக்கொண்ட வம்சத்தார் அவர்கள். கப்பலில் வந்திருந்தால் குடிமக்கள். படகில் வந்ததால் சட்டவிரோதக் குடியேறிகள். 2003இல் திருத்திய இந்தியக் குடியுரிமைச் சட்டம், செல்லுபடியான கடவுச்சீட்டின்றி நுழைந்தவன் பதிவு செய்தும் குடிமகனாக முடியாது என்கிறது. அவனுக்கு முகாமிலே பிறந்த பிள்ளைக்கும் வழி அடைகிறது: 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணிலே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள், அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரின் தாள் வேண்டும். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண் ஒருவர் நீதிமன்றம் ஏறிக் கடவுச்சீட்டுப் பெற்று 2024இல் வாக்களித்தார். ஈராண்டு பிந்திப் பிறந்த தம்பி தங்கையருக்கு அந்த வாசல் இல்லை! 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மலையக வம்சத்தாரின் நிலை வேறு என்று கண்டு, அவர்களுடைய விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. அதே 2019இன் இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ மூன்று நாடுகளைப் பெயர் சொல்லி அழைத்து, இலங்கையை விட்டுவிட்டது. 2025 செப்டம்பரில் ஓர் ஆணை பிறந்தது: 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு இல்லாமைக்காகத் தண்டனை இல்லை. வரவேற்கிறோம். ஆயினும் தண்டனை இல்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு. சிறைக்கதவு திறந்தது, வீட்டுக்கதவு இன்னும் பூட்டியே இருக்கிறது.

கொழும்புச் சர்க்காரின் பங்கும் சிறியதன்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வசித்தவருக்கும் அவர்தம் வழியினருக்கும் பிரஜாவுரிமை தந்தது. 2009இல் செய்த திருத்தம், போரினால் இந்தியா போனவரையும் அதனுள் சேர்த்தது. அரை நூற்றாண்டுப் பிழையை ஓரளவு திருத்திய செயல் அது, மனமாரச் சொல்கிறோம். ஆனால் உரிமையை ஒரு கையால் தந்து, திரும்பி வருகிறவனை மறு கையால் பிடிப்பதா? 2025 மே மாதத்தில், ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு ஏற்பாடு செய்தே அனுப்பிவைத்த முதியவர் ஒருவரைப் பலாலியில் வந்திறங்கியதும் கைது செய்தார்கள். முறையான துறை வழியே நாட்டை விட்டுப் போகவில்லையாம்! குண்டு விழுந்த காலத்தில் முறையான துறை எது? விதியை மாற்றுவோம் என்று அமைச்சர் சொன்னார். சொன்னதைச் சட்டப் புத்தகத்திலே எழுதும் வரை எந்த முதியவர் நம்பி விமானம் ஏறுவார்?

"சட்டம் எல்லாருக்கும் ஒன்று, தாள் இல்லாதவனை எந்த நாடு ஏற்கும்?" என்று நம்மவருள்ளும் சில படித்தவர்கள் சொல்லக் கேட்கிறோம். தாளைத் தொலைத்தவனிடம் அதைச் சொல்லலாம். தாளைத் தர மறுக்கப்பட்டவனிடம் சொல்வது எப்படி நியாயமாகும்? இன்றும் நிலைமையைப் பாருங்கள். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணக் கப்பல் ஓடிற்று; இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிற்று. கடல் திறந்தது என்று பத்திரிகைகள் எழுதின. தெரணியகலைத் தோட்டத்துக் கிழவி ஒருத்தி தன் அண்ணன் பிள்ளைகளைத் திருச்சி முகாமிலே ஒருமுறை பார்க்க அக்கப்பலில் ஏறவேண்டுமானால் என்ன வேண்டும்? அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் தமிழ் தெரியாத பதிவாளர் எழுதிய பெயர் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று, பிரட்டுக் கணக்கிலே கணக்கப்பிள்ளை எழுதியது மூன்றாவது. மூன்றையும் ஒன்றாக்கச் சத்தியக்கடதாசி, அதற்கு வழக்கறிஞர், அவருக்குக் கட்டணம், அலுவலகம் போய்வர ஒரு நாட்சம்பளம். லயத்துக்குத் தனி முகவரியும் இல்லை; கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கே எவர் கையிலோ தங்கிவிடுகிறது. இவளுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கக் காலித்துறை முகவர் வருவாரா?

நாம் கேட்பது பிச்சையன்று. போர்க்காலத்தில் கடல் கடந்தவர்மேல் குடியகல்வுக் குற்றம் சாட்டக் கூடாது என்று இலங்கைச் சட்டம் வெளிப்படையாய்ச் சொல்லவேண்டும். 1964 ஒப்பந்தத்தின் வழி வந்த குடும்பங்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற பட்டியலிலிருந்து தில்லி நீக்கவேண்டும். திரும்ப விரும்புவோருக்குத் திரும்பும் உரிமை, தங்க விரும்புவோருக்குத் தங்கும் உரிமை. தேர்வு அவர்களுடையது, மந்திரிமாருடையதன்று. 1964இல் கேட்காமல் விட்டதை இப்போதாவது கேட்கட்டும்.

இனி உங்களுக்கு. சட்டம் படித்தோரே, ஆசிரியப் பெருமக்களே! மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டியாந்தோட்டைக்கோ காவத்தைக்கோ போய்ப் பள்ளிக்கூட வாங்கிலே உட்கார்ந்து பெயர்த் திருத்தப் பத்திரங்களை எழுதிக்கொடுங்கள், கட்டணம் வாங்காதீர்கள். தோட்டத்துப் பெரியோரே, தோட்டத்தை விட்டு வன்னியிலே காடு திருத்தி உழவரானவர்களே! தகரப் பெட்டியின் அடியிலே கிடக்கும் பழைய இந்தியக் கடவுச்சீட்டையும், சேமலாப நிதிச் சீட்டையும், 1964க்கு முன்னான பள்ளிச் சான்றிதழையும், கிழிந்த அரிசி அட்டையையும் பழங்குப்பை என்று எரித்துவிடாதீர்கள். அந்த நாளில் நீங்கள் இங்கே இருந்தீர்கள் என்பதற்கு அவையே சாட்சி. இராமேசுவரம் பக்கம் உறவினர் இருந்தால் ஒரு நகலை அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள்.